குட்டையாய் அறுத்த விறகு

தையல்காரி முதன்முதலாக விறகுக் கிடங்குக்குப் போன அன்று, கொண்டுபோன துணிப்பைக்குள் விறகு அடங்கவில்லை. இரண்டு மூன்று கட்டைகள் பையின் வாய்க்கு மேலே கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றன. கையிலிருந்த பள்ளிச் சீருடைத் துணியை உதறி அவற்றின் மேல் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுத்தான் அவள் தெருவில் இறங்கினாள். கிடங்கின் எடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் நின்று அத்தனையையும் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த வாரம் அவள் போனபோது, பின்பக்கக் கேட்டுக்கு அருகில் ஒரு கட்டு விறகு தனியாக இருந்தது. ஒவ்வொரு கட்டையும் ஒன்றரைச் சாண் நீளம்தான். ரம்பத்தால் அறுத்து, துணியைக் கிழித்துவிடாதபடி முனையைத் தேய்த்தும் வைத்திருந்தார். பைக்குள் போட்டால் தைக்கக் கொண்டுபோகும் துணி மூட்டை மாதிரியே இருந்தது.

“எதுக்குண்ணே இவ்வளவு குட்டையா?”

“சின்ன அடுப்புக்கு இதுதாம்மா தோது.”

அவள் வீட்டு அடுப்பை அவர் கண்ணால் கண்டதில்லை. அது சின்னதா பெரிதா என்று அவருக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்து பையை இறக்கி வைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அதற்குப் பிறகு நாலு வருஷம், வாரா வாரம், மத்தியானம் தெரு கண்ணயரும் நேரத்தில் அவள் பின் கேட்டுக்குப் போவாள். கட்டு தயாராக இருக்கும். அதைப் பற்றி அவரும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

அவரைத் தெருவில் எல்லோரும் டங்கண்ணன் என்றுதான் சொல்வார்கள். எடை போடுவதற்கு முன்னால் இரண்டு கட்டைகளைக் கையிலெடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பார்ப்பார். ‘டங்’ என்று கேட்டால் காய்ந்த விறகு. ‘தொப்’ என்று கேட்டால் ஈரம். அது திரும்ப அடுக்குக்கே போய்விடும். “ஈர விறக எடைபோட்டுக் குடுத்தா அது தண்ணி வியாபாரம். அதுக்கு நான் குடத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கலாம்” என்பார்.

இருபது வயதில் வனத்துறையில் நாற்றுச் சுமக்கச் சேர்ந்தவர். ஊருக்கு வெளியே மொட்டையாகக் கிடந்த சரிவில் விறகுக்கென்றே மரம் நட்டபோது குழி தோண்டியவர்களில் அவரும் ஒருவர். அந்தத் தோப்பைப் பகுதி பகுதியாகப் பிரித்து வருஷத்துக்கு ஒரு பகுதியை மட்டும் வெட்டுவார்கள். வெட்டிய அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். முறை சுற்றி வருவதற்குள் பழையபடி மரமாகி நிற்கும். வெட்டிய விறகு கிடங்கில் ஒரு முழுக் கோடை காய்ந்த பிறகுதான் தராசுக்கு வரும். மனைவி காலமான பிறகு அவர் கிடங்குக்குப் பின்னாலிருந்த ஒற்றை அறையிலேயே தங்கிவிட்டார். மூன்று செங்கல் அடுப்பு. யாரும் வாங்காத முடிச்சுக் கட்டைகளைப் பிளந்து தன் சமையலை முடித்துக்கொள்வார். நல்ல விறகில் ஒரு துண்டைக்கூட அவர் தனக்கென்று எடுத்ததில்லை.

தையல்காரி விறகை ஒளித்ததற்குக் காரணம் இருந்தது. காஸ் விலை ஏற ஏற, ஒரு சிலிண்டர் தீர்ந்ததும் அடுத்ததை வாங்காமல், முதலில் பொறுக்கி வந்த சுள்ளிகளை வைத்துப் பின்கட்டில் விறகு அடுப்பை மூட்டினாள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒரு அம்மாள் தைத்து வாங்கிப்போன புது உடுப்பைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். “துணி பூரா புகை நாத்தம். கல்யாணத்துக்குப் போட்டுட்டுப் போகணும், அடுப்படியில இருந்து எந்திரிச்சு வந்த மாதிரியா இருக்கிறது?” என்று வாசலில் நின்று கேட்டாள். எதிர்வீட்டு டீச்சர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரிக்கு உயிரே போய்விட்டது. அன்றிலிருந்து துணிகளையெல்லாம் பாலித்தீன் உறைக்குள் கட்டி இரும்புப் பெட்டியில் பூட்டினாள். கேட்பவர்களிடமெல்லாம், “இப்ப காஸ்தாங்க, விறகெல்லாம் விட்டாச்சு” என்றாள். காலியான சிலிண்டருக்குப் பூத்தையல் போட்ட உறை ஒன்று தைத்து, முன்னறையில் எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்தினாள்.

“அந்த சிலிண்டருக்குத் தச்ச உடுப்புல பாதி வேலைப்பாடு எனக்குத் தச்சதில்ல நீ” என்பான் அவள் கணவன். அவனுக்குப் பெயிண்ட் அடிக்கும் வேலை. “இதுக்கு அடுத்து ஒரு தொப்பி தச்சுரு.”

“வாய மூடிட்டு சாப்பிடுங்க.”

இப்படி ஓடிக்கொண்டிருந்த நாளில்தான் கணக்கெடுப்பு வந்தது.

கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். வெயிலில் வாடிப்போன முகம், கையில் தடித்த காகிதக் கட்டு. அவளுக்குப் பின்னால் கொக்கித் தராசைத் தூக்கிக்கொண்டு டங்கண்ணன் வந்தார். இந்த வட்டாரத்தில் விறகை எடை போடத் தெரிந்த அரசாங்க ஆள் அவர்தான் என்று அவரையே அனுப்பியிருந்தார்கள். வேலை எளிது. வீட்டில் இன்றைக்கு எரிக்கப் போகும் விறகைக் கட்டி எடை போடுவது. நாளை இதே நேரத்துக்கு வந்து மீதியை எடை போடுவது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்த வீட்டின் ஒருநாள் விறகு.

தெருவே வாசலில் வந்து நின்றது. அதிகாரி எல்லோருக்கும் கேட்கும்படி பொறுமையாகச் சொன்னாள்.

“நாட்டுல மொத்தம் எவ்வளவு எரியுதுன்னு கணக்குப் போடணும். கரண்டுக்கு வீட்டுக்கு வீடு மீட்டர் இருக்கு. பெட்ரோலுக்கு பங்க்ல மீட்டர் இருக்கு. விறகுக்கு மீட்டர் கிடையாது. நீங்க சொல்றதுதான் மீட்டர். எவ்வளவு விறகு எரியுதோ அதுக்குத் தக்கபடிதான் தோப்பு வைப்பாங்க, கிடங்கு வைப்பாங்க. அதனால உள்ளத உள்ளபடி சொல்லுங்க.”

முதலில் டீச்சர் வீடு. டீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “எங்க வீட்ல காஸ்தான் மேடம்” என்றார். அதிகாரி எழுதிக்கொண்டாள். அடுத்தது தையல்காரியின் வீடு. தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. டீச்சர் படியிலேயே நின்றார்.

“உங்க வீட்ல?”

பின்கட்டில் அப்போதுதான் பானை கொதித்துக்கொண்டிருந்தது. மூடி தடதடவென்று ஆடும் சத்தம் முன்னறை வரைக்கும் கேட்டது. தையல்காரி அந்தப் பக்கம் திரும்பாமல் நின்றாள். டங்கண்ணன் தராசின் கொக்கியையே பார்த்தபடி நின்றார். வாரா வாரம் இவளுக்கு விறகு அறுத்துக் கொடுத்த கை அந்தக் கொக்கியைப் பிடித்திருந்தது. அவர் ஒரு இருமல் இருமியிருந்தால்கூட அவள் உண்மையைச் சொல்லியிருப்பாள். அவர் இருமவில்லை. அவளுடைய கணவன்தான் இருமினான், புகைக்கு.

“காஸ்தாங்க” என்றாள்.

“வெந்நீர் போட, வேற எதுக்காவது? கொஞ்சங்கூட விறகு இல்லையா?”

“இல்லீங்க.”

அதிகாரி ஒரு பூஜ்ஜியம் போட்டாள். பொத்தான் துளை மாதிரி சின்னதாக, நேர்த்தியாக. தெருவின் கடைசி வீடு வரைக்கும் அன்றைக்கு அந்தத் துளைதான் விழுந்துகொண்டே போனது. டங்கண்ணன் கொண்டுவந்த தராசு ஒரு வீட்டிலும் மாட்டப்படாமலே திரும்பிப் போனது.

தையல்காரி தினமும் காலையில் மெஷினில் முதல் தையல் போடுவதற்கு முன்னால் கண்ணை மூடிக் கடவுளை நினைப்பவள். மறுநாள் கண்ணை மூடினாள், ஒன்றும் வரவில்லை. சின்னப் பொய்தானே, யாருக்கு என்ன நஷ்டம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நூலைக் கோத்தாள்.

நஷ்டம் யாருக்கென்று ஐந்தாவது வாரம் தெரிந்தது.

அதிகாரி மறுபடி வந்தாள். இந்த முறை நேராகக் கிடங்குக்கு. கூடவே வனத்துறை ஜீப்பில் இரண்டு பேர். தெருவிலிருந்த எல்லோரையும் கிடங்குக்கு வரச் சொன்னார்கள். என்னவோ ஏதோவென்று தையல்காரி கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் போனாள்.

“இந்தக் கிடங்குல வருஷம் பதினாறு டன் விறகு போயிருக்கு” என்றாள் அதிகாரி. “சுத்தி இருக்கிற நாலு தெருவுல ஒரு வீட்லயும் விறகு எரியலன்னு சொல்லியிருக்கீங்க. அப்ப அந்த விறகு எங்க போச்சு?” டங்கண்ணனின் பக்கம் திரும்பினாள். “வீட்டு அடுப்புக்குன்னு குறஞ்ச விலைக்குக் குடுக்கிற விறக செங்கல் சூளைக்குத் தள்ளி விட்டீங்களா?”

“இல்லம்மா. வந்தவங்க வாங்கிட்டுப் போனாங்க.”

“யாரு வந்தாங்க?”

“முகத்தப் பாத்து வச்சுக்கல. எடையத்தான் பாத்தேன்.”

ஜீப்பில் வந்தவர்களில் ஒருவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார். எல்லோரும் போனார்கள். பின்சுவர் ஓரமாகக் கட்டுகள் வரிசையாக அடுக்கியிருந்தன. ஒன்றிரண்டல்ல, முப்பதுக்கு மேல். எல்லாமே ஒன்றரைச் சாண் நீளம். ஒவ்வொன்றையும் அந்தந்த வீட்டிலிருந்து வந்த கயிற்றாலோ துணியாலோ கட்டியிருந்தார்: ஒன்றைச் சணல் கயிற்றால், ஒன்றைப் பழைய ஷூ லேஸால், ஒன்றைக் கிழிந்த துண்டால். அவளுடைய கட்டு சீருடைத் துணியின் ஓரத்தால் கட்டப்பட்டு ஐந்தாவதாக இருந்தது. தனக்கு மட்டும்தான் அறுத்துத் தருகிறார் என்று நாலு வருஷமாக நினைத்திருந்தவள் கட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

அதற்குப் பக்கத்தில் ஆறாவது கட்டு. அதைச் சுற்றியிருந்தது வெளிர்நீலத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட துணி. போன வருஷம் டீச்சர் வீட்டு ஜன்னல் திரையை அவள்தான் தைத்தாள். மீந்த துணியை மடித்து, “இந்தாங்க டீச்சர், வீணாக்க வேணாம்” என்று அவள்தான் திருப்பிக் கொடுத்தாள்.

அவள் மெல்லத் திரும்பிப் பார்த்தாள். டீச்சரும் அந்தத் துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார்.

அதிகாரி கெட்டவளல்ல. அவள் குரல் தணிந்துதான் இருந்தது. “இவர் சொல்றது நெசம்னா நீங்க அத்தன பேரும் பொய் சொல்லியிருக்கீங்க. நீங்க சொன்னது நெசம்னா இவர் திருடியிருக்கார். ரெண்டுல எதுன்னு சொல்லுங்க.”

முப்பது நாற்பது பேர் நின்றார்கள். விறகடுக்கில் ஓணான் ஓடும் சத்தம்கூடக் கேட்டது. தையல்காரி அளவு டேப்பைச் சுருட்டினாள், பிரித்தாள், மறுபடி சுருட்டினாள். ‘நான் வாங்கினேன்’, இரண்டே வார்த்தை. இரண்டாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் சொன்னால் நாளைக்கு எவள் துணி கொடுப்பாள்? டங்கண்ணன் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்த்தால் அவளுக்குச் சங்கடமாக இருக்குமென்று தரையையே பார்த்தார். அந்தத் தயவுதான் அவளை இன்றைக்கும் அறுக்கிறது.

அன்று சாயங்காலம் கிடங்கைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். விசாரணை முடியும் வரைக்கும் டங்கண்ணனுக்கு வேலை இல்லை. அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால் அவர் பஸ் நிலையத்துப் பக்கம் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார்.

தெருவில் அதற்குப் பிறகு நடந்ததை வேடிக்கை என்றுதான் சொல்ல வேண்டும், அழுகை வராதவர்களுக்கு. தள்ளுவண்டிக்காரன் ஒருவன் எங்கேயோ மலைப்பக்கம் வெட்டிய பச்சைக் கிளைகளைக் கொண்டுவந்து விற்றான். இலைகூட வாடியிருக்காது. அது எரிவதற்குப் பதில் அழுதது. அதுவரைக்கும் ஒருத்தரும் விறகே எரிக்காத தெருவில், எல்லா வீட்டுப் பின்கட்டிலிருந்தும் புகை கிளம்பிக் கூரைக்கு மேலே ஒன்றாகச் சேர்ந்து நின்றது. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

“தோப்பு மரம் கிடங்குல காஞ்சு கிடக்குது, காட்டு மரம் பச்சையா வெட்டுப்படுது” என்றான் கணவன், கண்ணைக் கசக்கிக்கொண்டு. “டங்கண்ணன் இருந்தா இதுல ரெண்டு குச்சியத் தட்டிப் பாத்துட்டு நம்ம தலையிலயே போட்டிருப்பாரு.”

அவள் குனிந்து அடுப்பை ஊதினாள். காலையில் கண்ணை மூடினால் கடவுளுக்குப் பதில் அந்தக் கொக்கியைப் பிடித்த கைதான் வந்து நின்றது. பத்தாம் நாள் பஸ் ஏறி அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனாள். பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாள். கூப்பிட்டு, “என்ன விஷயம்மா?” என்று கேட்டதும், “புது காஸ் கனெக்‌ஷனுக்கு எங்க எழுதிக் குடுக்கணும்?” என்று கேட்டுவிட்டு, அவர்கள் காட்டிய வேறொரு கட்டடத்துக்குப் போவதுபோல் நடந்து, வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அன்றைக்கு அவளுக்கே அவளைப் பிடிக்கவில்லை.

அதற்கு மூன்றாம் நாள் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். டீச்சர் கதவைப் பாதி திறந்தார். உள்ளேயிருந்து பச்சை விறகின் புகை வாசனை வந்தது.

“டீச்சர், நாம ரெண்டு பேரும் சேந்து போய் சொல்லிருவோம். நீங்க படிச்சவங்க, நீங்க சொன்னா எடுபடும்.”

“என்னத்தச் சொல்றது?”

“வெறகுதான் எரிக்கிறோம்னு.”

டீச்சர் அவளையே பார்த்தார். கண் சிவந்திருந்தது, புகையோ வேறெதுவோ. “பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குப் புகையில்லா அடுப்பப் பத்தி நான்தாம்மா பாடம் எடுக்குறேன்” என்றார் மெதுவாக. “எங்க வீட்ல காஸ்தான்.” கதவு சத்தமில்லாமல் மூடிக்கொண்டது. தையல்காரிக்குக் கோபம் வரவில்லை. தன்னுடைய கதவையே வெளியிலிருந்து பார்த்த மாதிரி இருந்தது.

மறுநாள் அவள் அடிப்பிடித்துக் கரியேறிய பானையைக் கழுவாமல், சீருடைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் ஒருவர், “என்னம்மா மூட்ட, துணியா?” என்று கேட்டார். நாலு வருஷப் பழக்கத்தில் ‘ஆமா’ என்று வாய்க்கு வந்ததை விழுங்கிக்கொண்டு, “பானைங்க. விறகடுப்புப் பானை” என்றாள். அவர் “ஓகோ” என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவ்வளவுதான். இதற்குத்தானா இத்தனை பயந்தோம் என்றிருந்தது அவளுக்கு.

அதிகாரியின் மேஜையில் பானையை வைத்துத் துணியை அவிழ்த்தாள். கரி காகிதங்களின் மேல் உதிர்ந்தது.

“நான் பொய் சொன்னேங்க. அண்ணன் திருடல. நாலு வருஷமா வாரா வாரம் அவருகிட்டதான் விறகு வாங்குறேன். சிலிண்டர் காலி. உறை மட்டுந்தான் புதுசு.”

அதிகாரி பானையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். “ஒரு மாசம் முன்னாடி சொல்லியிருக்கக்கூடாதா?” என்றாள். “கணக்கு மேல போயிருச்சும்மா. புத்தகமா அச்சடிச்சிட்டாங்க. இனி அஞ்சு வருஷம் கழிச்சுத்தான் எடுப்போம்.” கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினாள். “ஒரு வீட்டுப் பானையால பதினாறு டன்ன நிரூபிக்க முடியாது. இருந்தாலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. அவருக்கு எவ்வளவு பிரயோஜனப்படுமோ பாக்குறேன்.”

அஞ்சாவது வரைக்கும் படித்தவள். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் பிடித்தது. கையெழுத்துப் போட்ட இடத்தில் கட்டைவிரலின் கரியும் ஒட்டிக்கொண்டது.

அந்தக் கடுதாசியால் ஆனது இவ்வளவுதான்: திருட்டு என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘கவனக்குறைவு’ என்று போட்டார்கள். வேலை போகவில்லை. ஆனால் விறகே எரியாத ஊருக்கு விறகுக் கிடங்கு எதற்கு? கிடங்கை மூடிவிட்டார்கள். டங்கண்ணனை எட்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு நாற்றுப் பண்ணைக்கு மாற்றினார்கள். இருபது வயதில் எந்த வேலையில் தொடங்கினாரோ, ஐம்பத்தாறு வயதில் அதே வேலை.

அவர் ஊர்விட்டுப் போகிற செய்தி தெரிந்து தையல்காரி பஸ் நிலையத்துக்குப் போனாள். தெருவிலிருந்து வேறு யாரும் வரவில்லை. தகரப்பெட்டி ஒன்று, சாக்கில் சுற்றிய ரம்பம் ஒன்று. அவருடைய சாமான் அவ்வளவுதான். டிரைவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். வழி நெடுகச் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் அவரைப் பார்த்ததும் கலைந்துபோயின.

“அண்ணே, அன்னைக்கே நான் வாயத் திறந்திருக்கணும்.”

அவர் அவளுடைய கையைப் பார்த்தார். பச்சை விறகை அரிவாள்மணையில் நறுக்கப் பார்த்து, ஆட்காட்டி விரலில் வெட்டிக்கொண்டு துணி சுற்றியிருந்தாள். அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். டிரைவர் வந்து வண்டியைக் கிளப்பினார். டங்கண்ணன் பெட்டியை ஏற்றிவிட்டு, கையிலிருந்த சாக்குச் சுருளை ஒரு கணம் பார்த்தார். பிறகு இறங்கி வந்து அதை அவளிடம் நீட்டினார்.

“இனிமே குட்டையா அறுத்துத் தர ஆள் இல்ல. இந்த ரம்பத்த வச்சுக்க தங்கச்சி. அவசரப்படாம அறு. விரல் பத்திரம், தைக்கிற விரல்.”